உப்புக்காற்றில் எந்த ஹார்ட் டிஸ்க் தாங்கும்?

போன மாசம் பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தன் கேட்டான். "அண்ணே, புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப்போறேன். எந்தக் கம்பெனி ஹார்ட் டிஸ்க் போட்டா போகாது?"

போகாத ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று கிடையாது. எது எப்படிப் போகும், நம்ம ஊரில் எதனால் சீக்கிரம் போகும் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். அதனால் அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் விரிவாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு முகத்துவாரக்குப்பத்தில். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். பைக் செயின், கேட்டுக் கீல், ஃபேன் மூடி என்று எந்த இரும்புச் சாமானும் இங்கே இரண்டு வருஷம் துரு இல்லாமல் நின்றதில்லை. இது தெரிந்தே வளர்ந்தவன்தான் நான். ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கும் அந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பல வருஷமாக ஊர்ப் பெரியவர்கள் ஆற்றைப் பற்றிப் பேசுவதைப் பதிவு செய்து வந்தேன். எந்த ஓடைக்கு என்ன பேர், எந்த மாசம் எந்த இறால் வரும், அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து படிவதற்கு முன் எங்கே எவ்வளவு ஆழம் இருந்தது, இப்படி. எல்லாம் ஒரே ஒரு போர்ட்டபிள் டிரைவில். அதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் தொடவே இல்லை. பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பு. ஒருநாள் எடுத்துச் செருகினால் சத்தமே இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பிரித்துப் பார்த்தார்கள். போர்டில் செம்பு தெரியும் இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. உள்ளே தட்டு நன்றாகத்தான் இருந்தது. போர்டையும் உள்ளே இருக்கும் மோட்டார், ஹெட்டையும் இணைக்கும் சின்னத் தொடுபுள்ளிகள்தான் கறுத்துக் கிடந்தன. இதே மாடலில் வேறு போர்டு வாங்கி மாட்டினால் போதாதா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். இப்போது வரும் டிரைவ்களில் ஒவ்வொன்றுக்கும் தனியான அளவீட்டு விவரங்கள் அதன் போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பையும் கழற்றி மாற்றினால்தான் வேறு போர்டு வேலை செய்யும். என் டிரைவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பல போர்ட்டபிள் டிரைவ்களைப் போல அதிலும் யுஎஸ்பி வாய் நேராகப் போர்டிலேயே பற்றவைத்திருந்தது, சாட்டா இணைப்பே கிடையாது.

கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் அந்தத் தொடுபுள்ளிகளைத் தேய்த்து, டிரைவை ஓடவைத்து, முடிந்தவரை நகல் எடுத்தார். (வீட்டில் இதை முயற்சி செய்யாதீர்கள். டிரைவ் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் மின்சாரத்தையே கொடுக்கக்கூடாது.) பெரும்பகுதி வந்துவிட்டது. வராமல் போன ஃபோல்டரில் எங்கள் ஆயா ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்த காலத்தைச் சொன்ன நாற்பது நிமிஷம் இருந்தது. மறுபடி கேட்டுப் பதிவு செய்ய ஆயா இல்லை.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். முதலில் 'எந்தக் கம்பெனி' என்ற கேள்வி. இன்றைக்கு ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிரைவ்களில் எந்த மாடல் எத்தனை செத்தது என்று 2013 முதல் வெளியிட்டு வருகிறது. 2024-இல் அவர்கள் கணக்கு 1.57 சதவீதம். நூறு டிரைவ் ஓடினால் வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு போகும். அந்தப் பட்டியல்களைப் பார்த்தால் ஒன்று புரியும். வித்தியாசம் கம்பெனிக்குக் கம்பெனி இருப்பதைவிட மாடலுக்கு மாடல் அதிகம். சீகேட்டின் ஒரு 3 டிபி மாடல் அவர்களிடம் கொத்துக்கொத்தாகச் செத்தது. அதே சீகேட்டின் 4 டிபி மாடல் பரவாயில்லாமல் ஓடியது. ஆகவே பட்டியலில் பார்க்க வேண்டியது மாடல் எண்ணை.

டப்பாவில் போட்டிருக்கும் '10 லட்சம் மணி நேரம்' என்ற எண்ணை நம்ப வேண்டாம். அது நூறு வருஷத்துக்கு மேல் வருகிறது, எந்த டிரைவும் அவ்வளவு நாள் ஓடி யாரும் பார்த்ததில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2007-இல் இதைச் சரிபார்த்தார்கள். கம்பெனி எண்ணின்படி வருஷத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் போக வேண்டும். நிஜத்தில் 2 முதல் 4 சதவீதம் மாற்ற வேண்டியிருந்தது, சில இடங்களில் 13 வரைகூடப் போனது.

அதே வருஷம், அதே மாநாட்டில் கூகுள் ஆட்களும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிரைவ்களை வைத்து ஓர் ஆய்வு கொடுத்தார்கள். டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் 'ஸ்மார்ட்' என்ற வசதி இருக்கிறதே, அதைப் பற்றியது. முதல் ஸ்கேன் பிழை காட்டிய டிரைவ், பிழை காட்டாததைவிட அடுத்த 60 நாளில் சாக 39 மடங்கு வாய்ப்பு. அப்படிக் காட்டினால் அன்றைக்கே நகல் எடுத்துவிட வேண்டும். ஆனால் செத்த டிரைவ்களில் 36 சதவீதத்துக்கு மேல் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே செத்தன. ஸ்மார்ட் பச்சையாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்க முடியாது.

நான் தேடிக்கொண்டிருந்தது கிடைத்தது 2016-இல் வந்த ஒரு கட்டுரையில். மைக்ரோசாஃப்டும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒன்பது பெரிய டேட்டா சென்டர்களைப் பார்த்தார்கள். சூட்டைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் உதிரிபாகங்களைக் கெடுப்பதில் முன்னால் நிற்கிறது என்பது அவர்கள் முடிவு. அதிலும் ஈரம் அதிகமான இடத்தில் டிரைவ் போவது தட்டாலோ ஹெட்டாலோ அல்ல, கன்ட்ரோலர் போர்டு கெடுவதால். படித்தபோது அந்தப் பச்சை பூத்த போர்டு கண் முன்னால் வந்தது. அவர்கள் சொன்னது வெறும் ஈரம். நமக்கு அதன்கூட உப்பும் சேர்ந்து வருகிறது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஓடும் டிரைவ் தன் சூட்டிலேயே தன்னைச் சுற்றியுள்ள காற்றை உலர்த்திக்கொள்கிறது. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 42 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதாவது, தினம் ஓடும் டிரைவைவிட பீரோவில் சும்மா கிடப்பதுதான் இங்கே அதிகமாக ஈரம் குடிக்கிறது. நான் 'பத்திரப்படுத்தி' வைத்ததே அதற்கு எமன்.

இனி, தம்பிக்குச் சொன்ன பட்டியல். கம்ப்யூட்டருக்குள் விண்டோஸோ லினக்ஸோ போட எஸ்எஸ்டி வாங்கு. வேகம் அதில்தான், அசையும் பாகமும் இல்லை. ஆனால் காலகாலத்துக்கும் வைக்க வேண்டியதை எஸ்எஸ்டியில் போட்டு அலமாரியில் வைக்காதே. ஜெடெக் தரவிதிப்படி, எழுதும் ஆயுள் முடிந்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவலைக் காத்தால் போதும். நம்ம வீட்டுக்குள் மே மாசம் 30 டிகிரியில் நிற்குமா?

சேமிப்புக்கு 3.5 அங்குல டிரைவ், சாட்டா இணைப்போடு. வெளியே வைப்பதானால் தனியாக ஒரு பெட்டி வாங்கி அதில் மாட்டிக்கொள்ளலாம். பெட்டியின் போர்டு போனால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். சிஎம்ஆர் வகையா எஸ்எம்ஆர் வகையா என்று கேட்டு வாங்கு. எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், திருத்தி எழுதும்போது திணறும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சில மாடல்களில் சொல்லாமலே இதைப் போட்டது தெரிந்து பெரிய சண்டையானது. பெரிய கொள்ளளவில் ஹீலியம் அடைத்த டிரைவ் வருகிறது. சாதாரண டிரைவில் காற்று போய்வர வடிகட்டி வைத்த ஒரு சின்ன ஓட்டை உண்டு, ஹீலியம் டிரைவில் அது கிடையாது. உள்ளே உப்புக்காற்று போகாது. போர்டு வெளியேதான் இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

வாங்கும்போது பில்லோடு வாங்கி, சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி தேதியைப் பார்த்துவிடு. 2025 தொடக்கத்தில், டேட்டா சென்டரில் ஓடித் தேய்ந்த சீகேட் டிரைவ்களின் ஓடிய மணிக்கணக்கை அழித்துப் புதுசு என்று யாரோ விற்றது ஐரோப்பாவில் வெளியே வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முழு டிரைவையும் ஒருமுறை நிரப்பித் திரும்பப் படித்துப் பார். பிறவிக்கோளாறு இருந்தால் கடையில் மாற்றித் தரும் நாளுக்குள் தெரிந்துவிடும். வாரண்டியில் திரும்பக் கிடைப்பது டிரைவ்தான், உள்ளே இருந்தது வராது.

இரண்டு டிரைவ் வாங்கு, வேறு வேறு மாடலாக. ஒன்று கம்ப்யூட்டருக்குள் ஓடட்டும். மற்றது ரப்பர் வாசர் வைத்த மூடி உள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு. ஜெல் நிறம் மாறினால் சூடுகாட்டி உலர்த்திப் போட வேண்டும். ஏசி ரூமிலிருந்து டிரைவை எடுத்துவந்தால் உடனே செருகாதே, சில்லென்ற டப்பாமேல் நம்ம ஊர்க் காற்று பட்டதும் தண்ணீர் பூக்கும். இரண்டு மணி நேரம் மூடிய பையிலேயே கிடக்கட்டும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை எடுத்து ஓடவிட்டு, ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பார்.

இதெல்லாம் கேட்டுவிட்டு, "ரெண்டும் வீட்லயே இருக்கலாமாண்ணே?" என்றான். நல்ல கேள்வி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றில் கலந்து, எங்கள் படகு, வலை எல்லாவற்றிலும் அப்பியது. அன்றைக்குக் கீழ்த்தட்டில் எத்தனை நகல் இருந்திருந்தாலும் ஒரே கதிதான்.

என்னுடைய மூன்றாவது நகல் இப்போது திருவள்ளூரில், அக்கா வீட்டு மாடியில் இருக்கிறது. ஊரிலிருந்து ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்துவருவேன். அடுத்த முறை பொங்கலுக்கு.