பாத்திரம் கழுவும் யந்திரமும் அதன் வால்வும்



2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் விடியற்காலையில், பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுக் கதவுகளுள் ஒன்று, எதிர் எடையின் சங்கிலி அறுந்தமையால், வெள்ளத்தோடு பெயர்ந்து போயிற்று. சாலக்குடி ஆற்றங்கரையில் வாழ்வோர் எச்சரிக்கப்பட்டனர். நீர்மட்டம் மதகின் அடித்தளம்வரை இறங்கினாலன்றிப் பழுதுபார்க்க வழியில்லை. ஆகவே, நாட்கணக்கில் நீர் வீணே ஓடியது. நீரைத் தடுக்கும் கதவு பழுதானால் நேர்வது இதுவே.

நம் சமையலறையிலும் அத்தகைய கதவு ஒன்று உண்டு, உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடியது. பாத்திரம் கழுவும் யந்திரத்தினுள் தண்ணீரை விடுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. அதனை ‘அடைப்பிதழ்’ என்று மொழிபெயர்க்கலாம். மொழிபெயர்ப்பே என் தொழிலாதலால் அச்சொல்லில் எனக்கு விருப்பமும் உண்டு. எனினும், கடையில் அச்சொல்லைச் சொன்னால் பொருள் கிடைக்காது. தமிழரும் மலையாளிகளும் ஒருங்கே வழங்கும் ‘வால்வு’ என்பதையே நாமும் கொள்வோம்.

கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் நான் குடியிருக்கும் வீட்டில் ஒரு நாள், அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, சமையலறைத் தரை முழுதும் நீர் நின்றது. என் தாயார் மின்சாரப் பலகைக்கு அருகே ஈரத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்கள். “சுவிட்சை நிறுத்திவிட்டேனப்பா, தண்ணீர் மட்டும் நிற்கவில்லை” என்றார்கள். குழாயை மூடலாமென்றால், அது யந்திரத்தின் பின்புறம் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. மாடித் தொட்டியின் குழாயை அடைத்த பின்னரே நீர் நின்றது. அன்று அவர்களுக்குத் தீங்கு நேராதது எங்கள் நற்பேறு. ஆனால், அவர்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே பழுது இன்னதென்பதும் அடங்கியிருந்தது.

வால்வினுள் ரப்பர்ச் சவ்வு ஒன்று நீர்வழியை மூடிக்கொண்டிருக்கிறது. அச்சவ்வில் ஊசிமுனை அளவான துளை ஒன்று உண்டு. அதன் வழியே சிறிது நீர் மேலறைக்குச் சென்று, தன் அழுத்தத்தால் சவ்வைக் கீழே அழுத்துகிறது. அதாவது, கதவை மூடி வைப்பது தண்ணீரேயன்றி மின்சாரம் அன்று. மின்சாரம் பாயும்போது, கம்பிச்சுருள் காந்தமாகிச் சிறு இரும்புத் தண்டை உயர்த்துகிறது. மேலறை நீர் வடிகிறது. சவ்வு எழும்பி வழி திறக்கிறது. மின்சாரம் நின்றதும் மேலறை மீண்டும் நிரம்பி வழி அடைபடுகிறது.

இதனை அறிந்தால் பழுதையும் அறியலாம். அந்தச் சிறு துளையில் ஒரு மணல் துகள் சிக்கினால் மேலறை நிரம்பாது, கதவு மூடாது. ஆகவே, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் நீர் உட்புகுமானால் குற்றம் வால்வினுடையதே. நிறுத்தியவுடன் நீரும் நிற்குமானால், நீர்மட்டத்தை உணரும் கருவியையோ மின்சுற்றையோ சந்தேகிக்க வேண்டும். நீரே வரவில்லையெனில், வால்வைப் பழிக்குமுன் குழாயைச் சோதியுங்கள். நிமிடத்திற்குப் பத்து லிட்டரேனும் வாளியில் நிரம்ப வேண்டும். பின்னர், நீர்க்குழல் சேருமிடத்திலுள்ள சல்லடையைக் கழுவிப் பாருங்கள். பல வேளைகளில் பழுது அத்துடன் தீர்ந்துவிடும்.

பல யந்திரங்களுக்கு வேண்டிய நீரழுத்தம் 0.5 பார் முதல் 10 பார் வரை. பத்து மீட்டர் உயரத்திலுள்ள நீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், ஒரு மாடியே உள்ள வீட்டின் தொட்டி ஐந்து மீட்டர் உயரம்கூட இராது. அழுத்தம் குறைந்தால் சவ்வு சரிவரப் படியாமல் நீர் கசியும். ஆழ்துளைக் கிணற்று மணலும் குழாயின் துருவும் அதனுடன் சேர்கின்றன. யந்திரத்தில் இடும் உப்பு வால்வைக் காக்காது. பெரும்பாலான யந்திரங்களில் நீரை மென்மையாக்கும் பகுதி வால்வுக்கு அடுத்தே வருகிறது. இடுக்கி மலைச்சரிவில் நிலைமை நேர்மாறு. தேவிகுளம், பீருமேடு பகுதிகளில், வீட்டிற்கு எண்பது மீட்டர் மேலே தொட்டி இருக்குமானால் அழுத்தம் 8 பார் ஆகும். வால்வு மூடும்போதெல்லாம் குழாய் அதிர்ந்து ஒலிக்கும். நாளடைவில் இணைப்புகள் தளரும். முன்னவர் சல்லடையும் அழுத்தம் கூட்டும் பம்பும் வைத்துக்கொள்ளல் நலம்; பின்னவர் அழுத்தம் குறைக்கும் வால்வைப் பொருத்துதல் நலம்.

இனி மாற்றும் முறை. யந்திரத்தின் உத்தரவாதக் காலம் முடியவில்லையெனில் நிறுவனத்தையே அழையுங்கள். முடிந்திருந்தால், முதலில் மின்செருகியைப் பிடுங்குங்கள். பிறகு குழாயை மூடுங்கள். தரையில் பழந்துணி விரித்து, குழலைக் கழற்றி, மிச்ச நீரை வடியுங்கள். கையுறை அவசியம், உட்தகடுகளின் ஓரங்கள் கையை அறுக்கும். மின்கம்பிகளைக் கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வால்வின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றாயிருக்க வேண்டும். வாஷரும் பிடிப்பு வளையமும் புதியனவாகவே இருக்கட்டும். சில யந்திரங்களில் வால்வு நீர்க்குழலின் தலைப்பிலேயே அமைந்திருக்கும்; குழலினுள் மின்கம்பியும் செல்லும். அக்குழலை அறுக்கலாகாது, நீரில் அமிழ்த்தலாகாது. முழுதாகவே மாற்ற வேண்டும்.

மாற்றியபின் மின்சாரம் தராமல், குழாயை மெதுவாகத் திறந்து, கீழே உலர்ந்த தாள் ஒன்றை விரித்துக் கால் மணி நேரம் காத்திருங்கள். தாள் நனையாவிட்டால் மட்டுமே செருகியைப் பொருத்துங்கள். நில இணைப்பு இல்லாத இடத்தில் இந்த யந்திரம் வேண்டவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் வால்வை மாற்றிய கையோடு, குழாயையும் யந்திரத்தின் பின்புறத்திலிருந்து தொட்டியடிக்கு மாற்றினோம். என் தாயார் இப்போது பாத்திரங்கள் கழுவி முடிந்ததும் அதனை மூடிவிடுகிறார்கள். ஊருக்குப் புறப்படும் நாளில், வீட்டுக் கதவைப் பூட்டுமுன் அக்குழாயை மூடுவதும் எங்கள் வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரிலும் பெற்றோர் தனியேயும் வாழும் வீடுகளில், மின்சாரத்தை நிறுத்தும் இடத்தோடு நீரை நிறுத்தும் இடத்தையும் பெரியவர்களுக்குக் காட்டி வையுங்கள். அது அவர்கள் கைக்கு எட்டுகிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.