காதுக்கு ஓய்வு கொடுத்த ரீல்கள்

பிலிம் காலத்தில், கேமராவில் மாட்டிய 400 அடி பிலிம் நாலரை நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும். 1000 அடி மேகசின் என்றால் 11 நிமிடம். பக்கத்தில் சுழலும் நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியின் 5 அங்குல ரீலும் சாதாரண வேகத்தில் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். தீர்ந்ததும் யூனிட்டே நிற்கும். கேமரா உதவியாளர் கறுப்புப் பைக்குள் கையை விட்டு மேகசினில் புது பிலிம் ஏற்றுவார். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சிவந்த காதைத் தேய்த்துவிட்டுக்கொள்வார். பிலிம் விலை உயர்ந்த பொருள் என்பதால் ஒத்திகை நேரத்தில் எதுவும் ஓடாது. ஒரு நாள் முழுக்க வெளிப்புறத்தில் வேலை பார்த்தாலும், காது அடைபட்டிருந்த நேரம் துண்டு துண்டாகத்தான் இருந்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளிப்புற ஒலிப்பதிவுக்கான மூடிய வகை ஹெட்போன்களைப் பற்றிப் பேசும்போது, பழையவை கனம், புதியவை இலகு என்று முடித்துவிடுகிறார்கள். ஹெட்போனைவிட வேலை நாள்தான் அதிகம் மாறியிருக்கிறது.

கருவியின் கதையைப் பார்க்கலாம். 1910 வாக்கில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. தோல் சுற்றிய இரண்டு கம்பிகள்தான் தலைப்பட்டை. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1937-ல் டிடி 48-ஐக் கொண்டுவந்தது. அலுமினியக் கிண்ணங்களும் இறுக்கமான பிடியும் கொண்ட அந்த ஹெட்போன் 70 ஆண்டுகளுக்கும் மேல் உற்பத்தியில் இருந்தது. உலகம் முழுவதும் நாக்ராவும் டிடி 48-ம் ஜோடியாகத் திரிந்த காலம் ஒன்று உண்டு. வெளிச் சத்தத்தை டிடி 48 நன்றாகத் தடுத்தது. பேச்சொலி எழும் நடு அலைவரிசைகளைக் கூர்மையாகக் காட்டியது. வசனத்தின் அடியில் எங்கோ ஒரு மோட்டார் ஓடினால் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் தலையில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே பொட்டில் வலி ஆரம்பிக்கும். ரீல் மாற்றும் இடைவெளிகள் இல்லாவிட்டால் அதை மாட்டிக்கொண்டு ஒரு முழு நாளை யாரும் ஓட்டியிருக்க முடியாது.

தமிழ் சினிமாவுக்கு இந்த வலி தாமதமாகத்தான் வந்தது. ஆரம்பகாலப் பேசும் படங்களில் நடிகர்கள் படப்பிடிப்பிலேயே பேசினார்கள், பாடினார்கள். அது பெரும்பாலும் ஸ்டுடியோ சுவர்களுக்குள் நடந்த வேலை. 1977-ல் ‘16 வயதினிலே’ வந்து கிராமத்தை நிஜக் கிராமத்திலேயே எடுக்கும் பழக்கம் பரவியபோது, கூடவே போனது ஆரி 2சி போன்ற கேமரா. ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். அதன் பக்கத்தில் எடுத்த ஒலி டப்பிங்கில் உதட்டசைவுக்கு வழிகாட்டும் பைலட் ட்ராக்காக மட்டுமே பயன்பட்டது. பைலட் ட்ராக்கில் காற்று அடித்தால் யாரும் டேக்கை நிறுத்த மாட்டார்கள். அதனால் ஹெட்போன் உறுத்தினால் கழற்றி வைத்துவிடலாம், நஷ்டமில்லை.

கட்ச் பகுதியில் எடுத்து 2001-ல் வெளிவந்த ‘லகான்’, படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவுசெய்யும் சிங்க் சவுண்டை இந்தியில் மறுபடி பேச்சாக்கியது. தமிழில் 2004-ல் ‘விருமாண்டி’ நேரடி ஒலிப்பதிவோடு வந்தது. 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் படப்பிடிப்புத் தள ஒலிப்பதிவாளருக்கெனத் தனி விருதே ஏற்படுத்தப்பட்டது. வெளியில் கேட்பவரின் காது மறுபடி பொறுப்புள்ள காதாயிற்று. அவர் அந்த நேரத்தில் கேட்கத் தவறிய சட்டை உரசலை, அடுத்த தெரு மிக்சி சத்தத்தை, எடிட்டிங் அறையில் கண்டுபிடித்து என்ன செய்ய?

அதே ஆண்டுகளில் ரீல் போய்விட்டது. 2015-ல் வந்த ஜூம் எஃப்8 ஒலிப்பதிவுக் கருவி ஒரு கிலோகூட இல்லை. அதன் மெமரி கார்டு ஒரு நாள் வேலையை அப்படியே விழுங்கிவிடும். கேமராவிலும் பிலிம் இல்லை. ‘கட்’ சொல்லாமலேயே “மறுபடி முதல்ல இருந்து, ஓடட்டும்” என்பது இயல்பான பேச்சாகிவிட்டது. ஒத்திகையும் பதிவாகிறது. நடிகர் இடம் மாறி நிற்பதற்குள் ரேடியோ மைக் சரியாக இருக்கிறதா என்று காது கவனித்தாக வேண்டும். தொழிலில் உள்ளவர்கள் இன்று ஹெட்போனில் சுகம் தேடுவதைச் சொகுசு என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. காலை ஆறு மணிக்கு மாட்டியதை மதியச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுகிறார்கள். வலிக்கிற காது முதலில் ஒரு பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஹெட்போனுக்குள்ளும் வெளியிலும் ஒரே குரல் இரண்டு வழியாக வரும். மைக் என்ன எடுக்கிறது என்பது அங்கேயே தெரியாமல் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், தடுப்புக்கும் சுகத்துக்கும் ஆகாது. வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்க இயர்பேட் காதைச் சுற்றி இடைவெளியின்றிப் பதிய வேண்டும். பதிய வேண்டுமானால் அழுத்த வேண்டும். சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ 32 டெசிபல் வரை தடுப்பதாக நிறுவனம் சொல்கிறது. பிடியும் அதற்கேற்ற இறுக்கம். 1988-ல் வந்த அதே நிறுவனத்தின் எச்டி 25 வெறும் 140 கிராம். ஆனால் அது காதைச் சுற்றி உட்காராமல் காதின் மேலேயே உட்காருகிறது. குறைந்த எடை என்பதை நம்பி வாங்கியவர்கள் மதியத்துக்குள் காது மடலைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கலாம். எடையைவிட அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தடுப்பை விட்டுக்கொடுத்துச் சுகத்தை வாங்கினால் அதற்கும் விலை உண்டு. வெளிச் சத்தம் கசிந்தால் கை தானாக வால்யூமைத் திருப்பும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் வரம்பு என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கிறது. அதன் கணக்கில் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு. நன்றாக மூடுகிற, அதே சமயம் கழற்றத் தோன்றாத ஹெட்போன்தான் குறைந்த சத்தத்தில் கேட்க விடும். செவியை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

சோனி எம்டிஆர் 7506 1991-லிருந்து இன்றுவரை ஏறக்குறைய அதே வடிவில் ஒலிப்பதிவாளர்களின் பைகளில் இருக்கிறது. மடங்கும். மின்தடை 63 ஓம்தான் என்பதால் சிறிய கருவியிலும் போதுமான சத்தம் வரும். இன்னொருவர் கருவியில் மாட்டினாலும் பழகிய ஒலியே கேட்கும். அதன் பெரிய பலம் அதுதான். குறை, இயர்பேட் மெல்லியது. பெரிய காதுக்காரர்களுக்கு உள்ளிருக்கும் தட்டு காதில் இடிக்கும். தடித்த பேட் வாங்கி மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் பேட் மாறினால் ஒலியும் கொஞ்சம் மாறும். பழைய காதோடு புதிய பேடை நம்பக் கூடாது, சில நாள் பழகிக்கொள்ள வேண்டும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் வெல்வெட் போன்ற ஆழமான பேட்தான் நாள் முழுக்க வைத்திருக்க எனக்குத் தெரிந்து மிகச் சுகமானது. வெளியில் அதன் 80 ஓம் வகையை எடுங்கள். பேட்டரியில் ஓடும் சிறு கருவிகளில் 250 ஓம் வகை முனகும்.

இரைச்சல் நீக்கும் ப்ளூடூத் ஹெட்போன் எல்லாவற்றையும்விட மெத்தென்று இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்பது நியாயம்தான். பேருந்துப் பயணத்துக்கு அது அருமை. இங்கே அதற்கு இடமில்லை. ஒலி தாமதமாக வரும். உதடும் வசனமும் ஒட்டாது. அதைவிட மோசமானது, அதன் வெளிப்புறத்தில் இருக்கும் குட்டி மைக்குகளில் காற்று அடித்தால் காதுக்குள் உறுமும். அந்த உறுமல் உங்கள் பூம் மைக்கில் விழுந்ததா, தலையில் இருக்கும் பொருளில் விழுந்ததா என்று எப்படித் தெரியும்?

கடையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐந்து நிமிடத்தில் எல்லா ஹெட்போனும் சுகம்தான். அரை மணி நேரம் மாட்டியிருங்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு மாட்ட வேண்டும்: அதன் காம்பு பேடுக்கும் தலைக்கும் நடுவே சந்து விடும், அந்தச் சந்தில் தாழ்ந்த ஒலி ஓடிவிடும், வலியும் அங்கேதான் தொடங்கும். வெயிலுக்குத் தொப்பி வைப்பவர் தொப்பியோடு போக வேண்டும். உச்சியில் இருக்கும் துணிப் பொத்தான் தலைப்பட்டையின் அடியில் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் மண்டையைத் துளைக்கும். பொத்தான் இல்லாத தொப்பி கிடைக்கிறது. மிக்சர் பையைப் பார்க்கிற மாதிரி குனியுங்கள். பூம் பிடிப்பவர் என்றால் இரண்டு கையையும் தூக்கி அண்ணாந்து பாருங்கள். அப்போது நழுவினால் அதைச் சரிசெய்ய அவருக்குக் கை இருக்காது.

பிறகு வியர்வை. சித்திரை வெயிலில் செயற்கைத் தோல் பேட் கன்னத்தில் ஒட்டும், சில பருவங்களுக்குள் கறுப்புச் செதில்களாக உரிந்து காதோரமெல்லாம் அப்பும். வெல்வெட் வகை ஒட்டாது, ஆனால் ஈரத்தைக் குடித்து நாற்றமெடுக்கும். இரண்டுக்கும் மேலே மெல்லிய பருத்தி உறை போடுவதுதான் இதுவரை நான் பார்த்ததில் நல்ல வழி. மூன்று ஜோடி வைத்துக்கொண்டு, சாப்பாட்டு வேளையில் ஒன்றை மாற்றி, இரவு துவைத்துக் காயப்போட்டுவிடலாம். பேட் உரியத் தொடங்கியதும் அடுத்த படத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் புதியது மாட்டிவிடுங்கள். உரிந்த பேட் சரியாக மூடாது.