பழைய டேப், புது வினைல்: காசு எதுக்குக் கொடுக்கிறோம்?

ஒரு ஆல்பத்துக்கு 20, 30 வயசு ஆனா வினைலா திரும்ப வந்துடுது. கலர் தட்டு, 180 கிராம், ‘ரீமாஸ்டர்டு’ன்னு ஒரு ஸ்டிக்கர். ஃபோன்ல சும்மா கேட்கிற பாட்டுக்கு எதுக்கு ஆயிரக்கணக்கில் செலவு பண்ணணும்? நியாயமான கேள்விதான். அந்தத் தட்டு எதிலிருந்து வெட்டப்பட்டதுன்னு பார்த்தாதான் பதில் கிடைக்கும்.

காக்டோ ட்வின்ஸோட ‘ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்’ ஆல்பத்தை எடுத்துக்கோங்க. ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத்ல ஆரம்பிச்ச பேண்ட். எலிசபெத் ஃப்ரேசர் பாட்டு, ராபின் கத்ரி கிட்டார், சைமன் ரேமண்ட் பேஸ். டிரம்மர் கிடையாது, டிரம் மெஷின்தான். எக்கோ, ரிவர்ப், கோரஸ்னு அடுக்கி அடுக்கி, கேட்கிறது கிட்டாரா சிந்தஸைசரான்னே தெரியாம பண்ணிடுவாங்க. இந்த வகைக்கு ‘ஈதீரியல் வேவ்’னு பேரு. வரிகள் புரியலைன்னா உங்க இங்கிலீஷைச் சந்தேகப்படாதீங்க, இங்கிலாந்துக்காரங்களும் அதே கஷ்டத்தில்தான் இருக்காங்க. 1990 செப்டம்பர்ல 4ஏடி கம்பெனி வெளியிட்டது. அதுக்கு முந்தின வருஷம்தான் ஃப்ரேசருக்கும் கத்ரிக்கும் மகள் பிறந்திருந்தா. ஆல்பம் உருவாகிட்டு இருந்த காலத்துல ரேமண்டோட அப்பா இறந்துட்டார்.

இதை 2014ல 4ஏடி மறுபடியும் வினைல்ல கொண்டு வந்தது. ஒரிஜினல் அனலாக் டேப்பை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைலா மாத்தி, அதிலிருந்து புது மாஸ்டர் செஞ்சாங்க. ‘வினைல்னா சுத்தமான அனலாக்’னு நம்புறவங்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். எனக்கு இதுல தப்பு தெரியலை. காந்த டேப் வருஷா வருஷம் தேயுற பொருள். நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு தடவை ஒழுங்கா டிஜிட்டலா எடுத்துட்டா, அந்தக் குரல் தப்பிச்சுக்கும்.

அடுத்த சிக்கல் வெட்டுறதில். சிடிக்குக் கொடுக்கிற மாஸ்டரை அப்படியே வினைலுக்குக் கொடுக்க முடியாது. பேஸ் அதிகமானா பள்ளம் அகலமாகி பக்கத்துப் பள்ளத்தை இடிக்கும். அதனால வெட்டும்போது 20 ஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 20 டெசிபல் குறைச்சு, 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அதே அளவு ஏத்துவாங்க. உங்க ஃபோனோ ஆம்ப் அதைத் தலைகீழா திருப்பும். இதுதான் ஆர்ஐஏஏ கர்வ், நம்ம ஃபில்டர் லேப்ல பார்த்த சமாச்சாரமேதான். ஆனா ட்ரெபிள் ஏத்தி வெட்டுறதால, ‘ஸ்’ சத்தம் நிறைய இருக்கிற குரல் கரகரன்னு உடையும். ஃப்ரேசர் மாதிரி மேல் சுருதியில் குரல் மேல குரலா அடுக்கிப் பாடினா வெட்டுற இன்ஜினியர் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொண்ணு, கணக்குப் போட்டே பார்க்கலாம். தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுத்து. வெளி ஓரத்தில் ஆரம் சுமார் 14.6 செ.மீ., அப்போ ஊசிக்கு அடியில் நொடிக்கு 51 செ.மீ. ஓடுது. உள்ளே 6 செ.மீ. ஆரத்தில் வெறும் 21 செ.மீ. 10 கிலோஹெர்ட்ஸ் அலை ஒண்ணுக்கு வெளியே 51 மைக்ரோமீட்டர் இடம், உள்ளே 21தான். ஒவ்வொரு பக்கத்தோட கடைசிப் பாட்டும் மங்குறதுக்கு இதுதான் காரணம். இந்த ஆல்பத்தில் முதல் பக்கத்தோட கடைசிப் பாட்டு, டைட்டில் பாட்டேதான்! மொத்தம் 38 நிமிஷம்கிறதால பக்கத்துக்கு 19 நிமிஷம்தான் வருது. அதனால பள்ளத்தை நெருக்கி அடைக்க வேண்டியதில்லை, தப்பிச்சாங்க.

180 கிராம் சமாச்சாரத்துக்கு மயங்காதீங்க. கனமான தட்டு அவ்வளவு சுலபமா வளையாது, கையில் பிடிக்க நல்லா இருக்கும். பள்ளத்தோட வடிவம் எடையைப் பொறுத்து மாறாது.

வாங்குறதுக்கு முன்னாடி, மாஸ்டர் எதிலிருந்து வந்தது, லாக்கரை யார் வெட்டினாங்கன்னு தேடுங்க. கடையில் எழுதலைன்னா, லேபிளை ஒட்டின வெத்துப் பகுதியை வெளிச்சத்தில் சாய்ச்சுப் பாருங்க. அங்கே ஒரு நம்பர் கீறி இருக்கும், சில சமயம் வெட்டினவரோட இனிஷியலும் இருக்கும்.