பதினோராம் வகுப்பில் ஒரு புது ஊர்

குடியேறுவோர் கவனத்துக்கு – 9

டல்லாஸ் நகரத்துக்கு வடக்கே உத்தியோக நிமித்தம் வந்து சேருகிற நம்மவர் குடும்பங்கள் வீடு தேடும் விதத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். அந்தப் பிரதேசத்தில் வீடு தேடுவதும் பள்ளிக்கூடம் தேடுவதும் ஒரே காரியந்தான். அமெரிக்காவின் பொதுப் பள்ளிகளில் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை எந்தப் பள்ளியில் உட்காரப் போகிறது என்பதைப் பெரும்பாலும் வீட்டு விலாசமே நிர்ணயித்துவிடுகிறது. ஆகவேதான், வீடு விற்கும் தளங்களில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒன்று முதல் பத்து வரை இட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, ஒன்பது என்றால் மகிழ்ந்தும் ஆறு என்றால் கலங்கியும், வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரு தெருவின் மேல் வைக்கத் துணிகிறார்கள் பெற்றோர்கள்.

அந்த எண் பெரிதும் பரீட்சை மதிப்பெண்களை ஆதாரமாகக் கொண்டது. பரீட்சை மதிப்பெண்களோ பெற்றோரின் படிப்போடும் வருமானத்தோடும் சேர்ந்தே உயர்பவை. எனவே அது பள்ளியின் திறமையைக் காட்டும் அளவுக்கு அக்கம்பக்கத்தாரின் செல்வத்தையும் காட்டுகிறது. டெக்ஸாஸ் மாநிலத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. பள்ளிச் செலவில் பெரும் பங்கைச் சொத்து வரி தாங்குவதால், சொத்து மதிப்புக் குறைந்த பள்ளி வட்டாரங்களுக்குப் பணமும் குறைகிறது. இது அநீதி என்று சான் அன்டோனியோ நகரின் எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர் தொடுத்த வழக்கில், கல்வி என்பது தேச அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்று 1973-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 1989-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வேறு வழக்கில் அந்த ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பளித்ததும், 1993 முதல் செல்வமுள்ள வட்டாரங்களின் வரிப்பணத்தில் ஒரு பங்கு ஏழை வட்டாரங்களுக்குப் போகத் தொடங்கியதும் தனிச் சரித்திரம். வீட்டின் விலையே பள்ளியின் தரம் என்று நினைப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

என் அபிப்பிராயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பிள்ளை இப்போது எந்த வகுப்பில் இருக்கிறது என்பதே. ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தால் பெரிய சிரமம் இல்லை. உயர்நிலைப் பள்ளி அங்கேதான் ஆரம்பமாகிறது, எல்லோருமே புதியவர்கள். பதினோராம் வகுப்பில் வந்தால் விஷயம் வேறு. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது பார்க்கப்படுவது பெரும்பாலும் அந்த வகுப்பின் முடிவு வரையிலான மதிப்பெண் ஏடு, அதாவது டிரான்ஸ்கிரிப்ட். அதுவரை வேறொரு மாநிலத்தில் வாங்கிய மார்க்குகளைப் புதுப்பள்ளி எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், கல்லூரித் தரத்திலான ஏபி பாடங்களுக்கு எவ்வளவு கூடுதல் மதிப்பு தரும் என்பது ஒவ்வொரு வட்டாரத்தின் சொந்த விதி.

டெக்ஸாஸில் இது அற்ப விஷயம் அல்ல. 1997-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தன் பள்ளியின் பட்டம் பெறும் வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் நிற்கும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டின் நகரிலுள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 2026-ல் சேர்வோரிலிருந்து அங்கே முதல் ஐந்து சதவீதத்தினருக்குத்தான் அந்த உறுதி. அதுவும் பல்கலைக்கழகத்துக்கு உறுதியே தவிர, விரும்பிய துறைக்கு அல்ல; கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று எழுதி நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பத்து மதிப்பெண் பெற்ற பள்ளியில், எட்டாம் வகுப்பிலேயே உயர்நிலைக் கணிதத்தில் ஒரு பகுதியை முடித்துவிட்டு வந்திருக்கும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடையே, நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை முதல் இருபது சதவீதத்துக்கு வெளியே போய்விடக்கூடும். அதே பிள்ளை ஏழு என்ற எண் பெற்ற பள்ளியில் முன்வரிசையில் நின்று, கேட்ட பாடமெல்லாம் படித்து, ஆசிரியர்கள் பெயர் சொல்லி அழைக்கும் மாணவராக இருக்கக்கூடும். ராங்க்குக்காகப் படிப்புக் குறைந்த பள்ளியைத் தேடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் பதினாறு வயதில் ஒரு பிள்ளை திடீரென்று தன்னைச் சாதாரணம் என்று உணர நேர்வது சின்னத் துன்பம் அல்ல.

அருகருகே இருக்கும் மூன்று ஊர்களைப் பாருங்கள். ஆலன் நகரப் பள்ளி வட்டாரம் ஒரே ஓர் உயர்நிலைப் பள்ளியை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அதிலேயே சேர்க்கிறது. 2012-ல் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் அமரும் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தை அதற்காகக் கட்டியது. ஃப்ரிஸ்கோ நேர்மாறு: பள்ளி அளவு மீறிப் பெருக வேண்டாம் என்று கருதி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல பள்ளிகளைத் திறந்தது. வாத்திய கோஷ்டியிலோ விளையாட்டுக் குழுவிலோ இடம் கிடைப்பது இப்படிப்பட்ட பள்ளியில் எளிது. ஆலனிலோ கூட்டத்துள் மறைந்து நிற்க விரும்பும் பிள்ளைக்கும் விசித்திரமான பாடம் தேடும் பிள்ளைக்கும் சௌகரியம். பிளேனோவின் ஏற்பாடுதான் என்னை மிகவும் கவர்ந்தது. அங்கே ஒன்பதும் பத்தும் ஒரு பள்ளி. பதினொன்றும் பன்னிரண்டும் ‘சீனியர் ஹை’ என்ற வேறு பள்ளி. பதினோராம் வகுப்பின் முதல் நாளில் வகுப்பறை தெரியாமல் தடுமாறுகிறவர் புதிதாக வந்த ஒருவர் மட்டும் அல்லர். வகுப்பு முழுவதுமே அன்று புதிய கட்டிடத்துக்கு வந்திருக்கிறது. நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு இதைவிடக் கருணையான ஏற்பாட்டை நான் அறியேன். எந்த எண்ணிலும் இது தென்படுவதில்லை.

ஊர்ப் பெயரை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். பிளேனோ என்று விலாசம் உள்ள வீடுகளில் சில ஃப்ரிஸ்கோ, ஆலன், லூயிஸ்வில் பள்ளி வட்டாரங்களைச் சேர்ந்தவை. வட்டாரத்தின் தளத்தில் கதவு எண்ணோடு தேடிப் பார்த்து, எல்லை மாற்றும் யோசனை உண்டா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வது உசிதம். பள்ளி திறக்கும் நாளும் வேறு: நியூ ஜெர்ஸியில் செப்டம்பரில் திறக்கும் பள்ளிக்குப் பழகியவர்கள், டெக்ஸாஸில் ஆகஸ்டு நடுவிலேயே வகுப்புகள் தொடங்குவதையும், வாத்திய கோஷ்டி அதற்கும் முன்பே ஒத்திகைக்குக் கூடுவதையும் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே வேலை உறுதியான வாரத்திலேயே, வீட்டுத் தரகரிடம் பேசுவதற்கு முன்னால், மனத்தில் உள்ள இரண்டு மூன்று பள்ளிகளின் கவுன்சிலர்களுக்குப் பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்டை அனுப்பி, முடித்த பாடங்களில் எவை எவை கிரெடிட்டாக ஏற்கப்படும், அடுத்த கணிதம் எது, ராங்க்கைக் கணக்கிடும் விதி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும்; வரும் பதில்களையும் பிள்ளையே முதலில் படிக்கட்டும். எந்தப் பள்ளியிலிருந்து கேள்விக்குக் கேள்வி பதில் வருகிறதோ அந்த எல்லைக்குள் வீடு தேடத் தொடங்கலாம்.

(தொடரும்)