மழைமானியின் நினைவு

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. இத்தகைய சரிவுகளுக்கு முன்னறிவிப்பாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை எல்லைகளை வகுத்துள்ளது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் புறப்பட ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம்.

எச்சரிக்கை மணியுடன் கூடிய தானியங்கி மழைமானி இவ்வெல்லைகளைத் தன் நினைவில் வைத்திருக்கும். பழுதுற்ற மானியை மாற்றுவோர், அதன் அமைப்புகளைக் கோப்பாகச் சேமித்துப் புதியதில் ஏற்றுவர். ஒவ்வோர் எண்ணையும் கையால் பதிவதினும் இது நன்று. ஆயின் யாவற்றையும் அவ்வாறு ஏற்றலாகாது.

மானியினுள்ளே சிறு கிண்ணம் நிறைந்து நிறைந்து கவிழும். கவிழ்ந்த தடவைகளைக் கொண்டே மழை கணிக்கப்படுகிறது. ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மில்லிமீற்றர் கொள்வதும் உண்டு, 0.5 கொள்வதும் உண்டு. முன்னதன் எண் பின்னதில் ஏறிவிடின் என்னாகும்? 150 மில்லிமீற்றர் கொட்டினால் கிண்ணம் 300 முறை கவிழும். கருவி காட்டுவதோ வெறும் 60. விழிப்புக்குரிய 75ஐயும் எட்டாது, மணி ஒலிக்காது, லயத்தில் உறங்குவோரை எவரும் எழுப்பார்.

ஆதலின் எல்லைகளையும் பதிவு இடைவெளியையும் கோப்பிலிருந்து ஏற்றலாம். கிண்ண அளவை மட்டும் புதுக் கருவியின் தகட்டைப் பார்த்தே பதிதல் வேண்டும். பின்னர் அளந்த நீரை மெல்ல மெல்ல ஊற்றிக் கவிழ்ப்புகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும்.