மருந்துக்கு அடங்காக் கிருமியை இனங்காணல்

பெனிசிலினை 1928ஆம் ஆண்டிற் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945ஆம் ஆண்டில் நோபெற் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, அம்மருந்து போதிய அளவின்றி வழங்கப்படின் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடும் என எச்சரித்தார். எச்சரிக்கை விரைவில் மெய்யாயிற்று. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியத்தை உடைய ஸ்ரபைலோகொக்கசு ஓறியசு என்னும் பற்றீரியா வைத்தியசாலைகளிற் பரவலாயிற்று. அதனை அடக்குதற்கு 1959இல் மெதிசிலின் வழக்கிற்கு வந்தது. 1961இலேயே அம்மருந்துக்கும் அடங்காத வகை இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது.

இப்பற்றீரியா பலரது மூக்கினுள்ளும் தோலின்மீதும் தீங்கின்றி உறைவது. சத்திரசிகிச்சைக் காயத்தின் வழியாகக் குருதியிற் கலப்பின் உயிருக்கே இறுதியாகலாம். நுணுக்குக்காட்டியால் நோக்குமிடத்து, அடங்குவதும் அடங்காததும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே, கிருமியை மருந்தோடு பொரவிட்டே அதன் வலியை அறிதல் வேண்டும்.

இதற்குப் பெரிதும் பயன்படுவது, பௌவர், கேர்பி முதலியோர் 1966இல் ஒழுங்குபடுத்திய வட்டத்தட்டு முறையாகும். நோயாளரின் சீழிலிருந்தோ குருதியிலிருந்தோ வளர்த்தெடுத்த கிருமியைக் குறித்த செறிவில் உப்புநீரிற் கலக்கி, பெத்திரிக் கிண்ணத்திலுள்ள மியூலர்-ஹின்ரன் ஏகாரின்மீது சீராகப் பூசுவர். மருந்தூட்டிய சிறு கடதாசி வட்டமொன்றை அதன்மேல் வைத்து, ஏறக்குறைய 35 பாகை செல்சியசில் ஓரிரவு பேணுவர். மருந்து ஏகாரினூடே பரவும். வட்டத்தைவிட்டு அகல அகல அதன் செறிவு குறையும். அடங்கும் கிருமி வட்டத்தைச் சூழ வளராமையால் ஆண்டுத் தெளிந்த வலயமொன்று தோன்றும். அதன் விட்டமே அளவுகோல்.

மெதிசிலின் எதிர்ப்பைக் காண்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அவ்வாற்றலைப் பெரும்பாலும் தருவது மெக்-ஏ என்னும் பரம்பரையலகு. அது தோற்றுவிக்கும் புரதம், மருந்தால் எளிதிற் பிணிக்கப்படாது கலச்சுவரைக் கட்டிக்கொண்டே இருக்கும். ஆயினும், ஒரே கூட்டத்துள்ளும் சில கலங்களே எதிர்ப்பை முற்றாக வெளிக்காட்டுதலும் உண்டு. ஏனையவை அடங்கியன போலத் தோன்றி ஆய்வாளரை ஏமாற்றும். செபொக்சிற்றின் என்னும் மருந்து அப்பரம்பரையலகை நன்கு தூண்டவல்லது. ஆதலின் மெதிசிலினுக்குப் பதிலாக, 30 மைக்கிரோகிராம் செபொக்சிற்றின் கொண்ட வட்டமே இடப்படுகின்றது. அமெரிக்க ஆய்வுகூட நியமத்தின்படி, வலயத்தின் விட்டம் 21 மில்லிமீற்றரோ அதனிற் குறைவோ எனின் கிருமி எதிர்ப்புடையது. 22 மில்லிமீற்றரோ அதனின் மேலோ எனின் அடங்குவது. ஒரு மில்லிமீற்றர் வேறுபாடு நோயாளருக்குரிய மருந்தையே மாற்றிவிடும்.

கிருமியை வளர்த்துச் சோதிப்பதற்கு இரு நாட்களேனும் செல்லும். பொலிமரேசுச் சங்கிலித்தாக்க முறையோ, மூக்கிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியிலேயே அப்பரம்பரையலகைச் சில மணி நேரத்திற் காட்டவல்லது. எனினும், இறந்த கிருமியின் எச்சமும் அதன்கண் புலப்படும். எம்மருந்து பயன் தருமென்பதை முழுமையாக அது கூறாது. ஆகவே, விரைவுக்கு ஒன்றும் தெளிவுக்கு மற்றொன்றுமாக இரு முறைகளும் வேண்டப்படுகின்றன.

முடிவு காலத்தே கிடைப்பின், நோயாளரைத் தனிப்படுத்திப் பிறரைக் காக்கலாம். பயனற்ற மருந்தை நிறுத்தி வன்கோமைசின் போன்ற தக்க மருந்தை வழங்கலாம். காலந்தாழ்ப்பின், கொடுத்த மருந்து நோயைத் தீர்க்காததோடு எதிர்ப்புடைய கிருமிகள் பெருகவும் இடந்தரும். பிளெமிங் அஞ்சியதும் இதனையே.