22 அடியிலேயே ஷட்டர் திறப்பது ஏன்?

வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது. செம்பரம்பாக்கம் ஏரி பற்றி வந்திருக்கும் வாசகர் கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைக் கேட்கின்றன: 24 அடி ஏரியில் 22 அடி வந்ததுமே தண்ணீரைத் திறப்பது ஏன்? கோடையில் குடிக்க வேண்டியதைக் கடலுக்கு அனுப்புவது நியாயமா? மீதிப் பாதி கேட்பது இதற்கு நேர் எதிர்: இன்னும் முன்னாலேயே ஏன் திறக்கக் கூடாது?

இரண்டுக்கும் பதில் அந்த மேல் இரண்டு அடிக்குள் இருக்கிறது. பாதுகாப்பு கருதிக் காலியாக வைத்திருக்கிறோம் என்று அறிக்கை வரும். அந்த இடம் தருவது சில மணி நேர அவகாசம். அதைப் பாதுகாப்பு என்று நம்பி அடையாற்றின் ஓரம் தூங்கக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். நிரம்பிய ஏரியின் பரப்பு சுமார் 25 சதுர கிலோமீட்டர். மொத்தக் கொள்ளளவு 3.645 டிஎம்சி, மேல் இரண்டு அடியில் கொள்வது அரை டிஎம்சிக்குச் சற்று கூடுதல். அதைக் காலி செய்ய விநாடிக்கு 3,000 கன அடி திறந்தால், நீர்வரத்தே இல்லாவிட்டாலும் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். 2015 டிசம்பர் 1 அன்று ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வெளியேறியது நினைவிருக்கும். அந்த வேகத்தில் தண்ணீர் உள்ளே வந்தால், இரண்டு நாள் பாடுபட்டு உண்டாக்கிய இடம் ஐந்தேகால் மணி நேரத்தில் நிரம்பிவிடும். மாலையில் அடைமழை பிடித்தால், நள்ளிரவுக்குள் பொறியாளர் கையில் மிச்சம் எதுவும் இருக்காது. அதன் பிறகு வருவதையெல்லாம் அப்படியே அடையாற்றில் விடுவது தவிர வேறு வழியில்லை.

ஆகவே, மழைக்கு இரண்டு நாள் முன்பே முடிவெடுக்க வேண்டும். அப்போது வானம் வெளுத்திருக்கலாம். கையில் இருப்பது வானிலை மையத்தின் கணிப்பு மட்டும். வட கடலோர மாவட்டங்களில் அதிகனமழை என்று அது சொல்லும். அந்த மழை இந்த ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் விழுமா, நாற்பது கிலோமீட்டர் தள்ளி விழுமா என்று உறுதியாகச் சொல்லாது. 2015-இல் அது இங்கேயே விழுந்தது: ஒரே நாளில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ.

என்னை உறுத்துவது இதுதான். திறந்த பிறகு மழை ஏமாற்றினால், திறந்தவர் மாட்டிக்கொள்வார். 2019-இல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை எந்த அதிகாரியும் மறக்கமாட்டார். திறக்காமல் இருந்து மழை கொட்டினால், வரலாறு காணாத மழை என்று சொல்லித் தப்பிவிட முடிகிறது. 2015 வெள்ளத்துக்கு அரசு சொன்ன சமாதானமும் அதுதான். 2018-இல் பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையோ அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. புவியும் சூடாகி வருகிறது: காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழை இன்னும் கூடும் என்று தெரிந்த பிறகும் ‘வரலாறு காணாத’ என்பதை எத்தனை முறை ஏற்பது?

22 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதிலும் பயனில்லை. முல்லைப் பெரியாறு அணையில் தேதிவாரி நீர்மட்ட அட்டவணை உண்டு. 2021-இல் அதன்படி நவம்பர் 10 வரை 139.5 அடி, மாதக் கடைசியில் 142 அடி. பருவம் ஓய ஓய மட்டத்தை உயர்த்தலாம் என்ற இந்த ஏற்பாடு மிகவும் கெட்டிக்காரத்தனமானது. குடிநீரையும் கைவிடாது, வெள்ளத்துக்கும் இடம் விடும். செம்பரம்பாக்கத்துக்கும் எந்தத் தேதியில் எத்தனை அடி, எந்தக் கணிப்புக்கு எத்தனை கன அடி என்று ஏரியை அடுத்த குன்றத்தூர்க்காரர் படித்துப் புரிந்துகொள்ளும்படி பருவத்துக்கு முன்பே அச்சிட்டு வெளியிட வேண்டும். விதிப்படி திறந்தவரை, மழை பொய்த்தாலும் குற்றம் சொல்லக் கூடாது.

மற்றக் கேள்விகள்.

2015 வெள்ளம் முழுக்க இந்த ஏரியால் வந்ததா? இல்லை, ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரும் அதே ஆற்றில்தான் சேர்ந்தது, அவற்றின் கலங்கலுக்கு அப்போது ஷட்டர் கிடையாது.

ஏரியைத் தூர்வாரினால் வெள்ளம் குறையுமா? குடிநீர் கூடும்; ஆழப்படுத்திய இடம் மழைக்கு முன்பே நிரம்பியிருந்தால் வெள்ளத்துக்கு உதவாது.

அடையாற்று முகத்துவார மணலை அள்ளினால்? உதவும், ஆனால் புயலில் கடல் உயர்ந்து நிற்கும் நேரத்தில் ஆறு மெதுவாகத்தான் வடியும்.

1,000 கன அடி திறந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா? அந்த அளவுக்கு வேண்டாம். அது சில மணி நேரத்தில் பல மடங்காகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏரி மட்டத்தை எங்கே பார்ப்பது? சென்னைக் குடிநீர் வாரிய இணையதளத்தில் தினமும் வருகிறது. மட்டத்தோடு நிறுத்திவிடாமல் நீர்வரத்தையும் சேர்த்துப் படியுங்கள்.